பெர்சிமன் கட்டை யாருக்கு

பிப்ரவரி 6

கூரையிலிருந்து பனி சரிந்து பட்டறை வாசலை அடைத்துக்கொண்டது. நானும் இசாவோவும் சேர்ந்து தள்ளினோம். எங்கள் விவாகரத்துக்குப் பிறகு வீடு தனி, சமையல் தனி. பட்டறையை மட்டும் பிரிக்க முடியவில்லை. மரம் கடையும் லேத்து இரண்டும் பழையபடி பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன.

மத்தியானம் தேநீர் குடிக்கும்போது சொன்னார். "மார்ச் கடைசியில கிசோவுக்குப் போறேன். அங்க ஒரு பட்டறை கிடைச்சிருக்கு."

நல்லது என்றேன்.

"லேத்து ரெண்டையும் நீயே வச்சுக்க. எனக்கு அந்த பெர்சிமன் கட்டை போதும்."

இன்னொரு கையில் உளி இருந்தது. கீழே வைத்துவிட்டேன். வைத்ததே நல்லது.

பிப்ரவரி 7

தரமாட்டேன்.

பிப்ரவரி 11

இருவரும் சேர்ந்து வாங்கிய கட்டை அது. பெர்சிமன் பழமரங்களில் எதற்குள் கறுப்பு ஓடுகிறது என்று வெட்டிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. இதை அறுத்தபோது உள்ளே மை கொட்டியது மாதிரி இருந்தது. மழையில் நின்று இருவரும் சிரித்தோம். அன்றிலிருந்து புகையறையில் காய்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் வெடித்திருக்குமோ என்று போய்த் தடவிப் பார்ப்போம். வெள்ளைப் பகுதிக்கு ஒரு குணம், கறுப்புக்கு ஒரு குணம். இரண்டும் சேரும் இடத்தில்தான் பிளக்கும். இதற்கு முன்னால் கடைந்த கரும் பெர்சிமன் லேத்திலேயே இரண்டாகி ஒரு பாதி சுவரில் போய் அடித்தது.

பொதுக் குளியலில் கியோமியிடம் சொன்னேன். எங்கள் கிண்ணங்களுக்கு அரக்குப் பூசுகிறவள், என் தோழி.

"ஆளுக்குப் பாதியா அறுத்துக்க வேண்டியதுதானே?"

"கறுப்பு சாய்வா ஓடுதுடி. அறுத்தா ஒருத்தருக்கு மரம், இன்னொருத்தருக்கு விறகு."

"அப்ப கட்டையக் குடுத்துட்டு அவர வச்சுக்க."

தொட்டியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். மரத்துக்கா, அவருக்கா? தெரியவில்லை.

பிப்ரவரி 20

இசாவோ தரையில் கிடந்த மரத்தூளில் விரலால் வரைந்து காட்டினார். பெரிய கிண்ணம், அதற்குள் இன்னொரு கிண்ணம். குடையும்போது உள்பகுதி முழுவதும் சுருள் சுருளாகப் போய்விடும். வளைந்த உளியால் சுற்றி வெட்டினால் அதை முழுசாக வெளியே எடுத்து இன்னொன்று கடையலாம். மென்மையான மரத்தில் செய்திருக்கிறோம். இந்த மரத்தில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

"வெடிச்சா?"

"ரெண்டு பேருக்கும் இல்ல. சண்டையும் இல்ல."

எப்படி இவ்வளவு சுலபமாகச் சொல்கிறார் என்று கோபம் வந்தது. ஆனால் நியாயம்தான். சரி என்றேன்.

மார்ச் 3

உளி அடித்தோம். எங்கள் ஊரில் அவரவர் உளியை அவரவரே அடித்துக்கொள்வது வழக்கம். அவர் இடுக்கியில் பிடித்தார், நான் அடித்தேன். எவ்வளவு வளைப்பது என்பதில் தகராறு.

"இன்னும் வளைச்சா நுனி அதிரும்," என்றேன்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து எதச் சொன்னாலும் அதிரும்னுதான் சொல்ற."

"அதிர்ந்துச்சா இல்லையா?"

அவர் இரும்பை மறுபடி உலையில் வைத்தார். என் வளைவுதான் நின்றது.

மார்ச் 4

கஷ்கொட்டைக் கட்டையில் வெள்ளோட்டம் பார்த்தோம். உளி ஒடிந்தது. தப்பு என் வளைவில். அவர் ஒடிந்த துண்டைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 17

புது உளி. அவர் சொன்ன வளைவு.

யார் வெட்டுவது என்று பேச்சே வரவில்லை. "கை உனக்குத்தான் லேசு" என்று சொல்லிவிட்டு உளியின் பின்முனையைப் பிடித்துக்கொண்டார். குதிரை என்று நாங்கள் சொல்லும் தாங்குகட்டையில் உளியைச் சாய்த்து உள்ளே விட்டேன். முதலில் வெள்ளைச் சுருள், பிறகு சாம்பல், பிறகு கறுப்பு. கறுப்பைத் தொட்டதும் சத்தம் மாறியது.

"நிறுத்து."

நிறுத்தினேன். விரலால் தடவினார். விரிசல் இல்லை. "போ."

இப்படியே சாயங்காலம்வரை. நிறுத்து, போ. வேறு ஒரு வார்த்தை இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து சண்டை இல்லாமல் போன ஒரே நாள் இன்றுதான் என்று நினைக்கிறேன்.

உள்கட்டை என் உள்ளங்கையில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் 30

போய்விட்டார். எது வேண்டும் என்று என்னிடமே விட்டார். உள்ளேயிருந்து வந்ததை எடுத்துக்கொண்டேன், அதில் கறுப்பு அதிகம். இரண்டும் இன்னும் தடிமனாகத்தான் இருக்கின்றன. ஜூன் மழைக்காலம்வரை ஆறவிட்டு அவரவர் மெல்லிசாக்கிக்கொள்ள வேண்டும். கிளம்புமுன் ஒன்றுக்குள் ஒன்றை வைத்துப் பார்த்தோம். கச்சிதமாக உட்கார்ந்தது.

பட்டறை பெரிதாகத் தெரிகிறது. பிடிக்கவில்லை.

ஏப்ரல் 19

இன்று அவர் லேத்தின் மேல் மரக்கட்டைகளை அடுக்கினேன்.

ஜூன் 22

இரண்டையும் ஜோடியாக அரக்குப் பூசிக் கண்காட்சிக்கு வைக்கலாம் என்று கியோமி நச்சரித்ததால் இசாவோ தன் கிண்ணத்தோடு வந்தார். கொஞ்சம் இளைத்திருக்கிறார், நன்றாக இருக்கிறார்.

வைத்துப் பார்த்தோம். என்னுடையது உள்ளே இறங்கவில்லை. மெல்லிசாக்கிய பிறகும் கறுப்பும் வெள்ளையும் தனித்தனியாகச் சுருங்கி என் கிண்ணம் சற்று நீள்வட்டமாகியிருந்தது. அவருடையது வேறு பக்கம் கோணியிருந்தது. இரண்டிலும் விரிசல் இல்லை.

"என்னோடத உள்பக்கம் கொஞ்சம் சீவினா இறங்கிடும்," என்றார்.

"வேணாம். ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. தனித்தனியாவே பூசட்டும்."

இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஆமா," என்றார்.

தேநீர் குடித்தோம். குடித்துவிட்டுக் கோப்பைகளைக் கழுவ எழுந்தார்.

"வச்சிடுங்க, விருந்தாளிக்கு எதுக்கு இந்த வேலை?" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

வைத்துவிட்டு உட்கார்ந்தார். இன்னொரு கோப்பை ஊற்றினேன்.