அரசியாரின் அகம் காவி கொண்ட செய்தி

மங்கலம் பெருகுக. செம்மண் விளையும் குன்றுகளுக்கும் அவற்றைக் காக்கும் வேற்படைக்கும் உரியவராகிய செம்பொறை நாட்டு வேந்தர் கருவேழக்கோமான் திருமுன், மருதத்துறை நாட்டு அமைச்சர் அம்பலக்கூத்தர் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் குடி தழைக்க. தங்கள் கோட்டைக் கதவுகள் விருந்தினருக்கு என்றும் திறந்திருக்க. எங்கள் எல்லைக் கணவாயையும் அவ்வண்ணமே திறந்துவிட அருள்க.

நிகழ்ந்தது இது. தங்கள் திருமகளாரும் எங்கள் அரசியாருமாகிய தண்குழலியார், தம் அறையின் சுண்ணாம்பு வெண்மை கண்டு அலுத்து, சுவர்களுக்குக் காவிமண் பூசத் திருவுளம் கொண்டார். அம்மண் தங்கள் குன்றிலன்றி வேறெங்கும் கிடைப்பதில்லை. ஆதலால் இவ்வோலை விடுக்கும் அமைச்சரே முன்பு தங்களுக்கு, 'அரசியாரின் அகம் காவி கொள்கிறது. வண்டிகளைத் தடையின்றி விடுக' என்று ஓலை எழுதினார். அகம் என்றால் இல்லம். சிறு பிள்ளையும் அறியும். தங்கள் அவைப்புலவரோ அகத்தை மனம் என்றும் காவியைத் துறவு என்றும் பொருள் விரித்து, கணவரின் கொடுமை தாளாமல் மகள் துறவு பூணுகிறாள் என்று தங்களிடம் முறையிட்டாராம். நல்ல வேளை, அமைச்சர் 'வீடு' என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் அரசியார் வீடுபேறே அடைந்துவிட்டார் என்று புலவர் இரங்கற்பா பாடியிருப்பார்.

முதல் வண்டி மட்டுமே வந்து சேர்ந்தது; இப்போது தங்கள் படை கணவாயை மறித்து நிற்க, மற்ற மண் வண்டிகள் அதற்கு அப்பால் கிடக்கின்றன. எங்கள் மன்னரோ, மனைவியைக் கொடுமை செய்தவர் என்ற பழி காதில் விழுந்த நாள் முதல் வாளை மடியில் வைத்துத் தீட்டிக்கொண்டே இருக்கிறார். இன்னும் ஒரு சொல் தப்பினால் போர் மூளும். நடுவில் கிடந்து வேகிறவர் அமைச்சர்.

மகளை மீட்டுவரத் தாங்கள் அனுப்பிய தங்கள் தமக்கையார் நேரிலேயே வந்து பார்த்தார். அமைச்சர் அவரை அறைக்குள் அழைத்துச் சென்று, வடிகட்டிய மண்ணையும், அது சுவரில் ஒட்டுவதற்காகக் கலக்கும் விளாம்பிசினையும், பூசி முடிந்த மூன்று சுவர்களையும் காட்டி விளக்கினார். அம்மையாரோ, இவ்வளவு காவியைக் கண்ட பிறகும் துறவில்லை என்று எப்படி நம்புவது எனக் கேட்டு மீண்டும் அழத் தொடங்கினார்.

வளைகாப்பு வரை வெளியிடலாகாது என்று அரசியார் ஆணையிட்டிருந்த செய்தியை இனி மறைத்துப் பயனில்லை. துறவு பூணும் பெண் உத்தரத்தில் தொட்டில் கொக்கி அடிக்கச் சொல்வாளா? பிறக்கும் குழந்தை கண் விழித்ததும் வெள்ளைச் சுவரில் கண் கூசாமல், மாலை வெயிலின் நிறத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் இத்தனையும். மழை தொடங்கினால் பூச்சு காயாது. நான்காம் சுவர் இன்னும் வெள்ளையாகவே நிற்கிறது.

மேலும் பணிவான சொற்கள் சிலவற்றை இங்கே சேர்க்க அமைச்சர் எண்ணியிருந்தார். அரசியார் போதும் என்று தடுத்து, தாம் சொல்வதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதுமாறு பணித்தார்:

"மண் வந்தால் சுவருக்குக் காவி, அப்பா. வராவிட்டால் எனக்கே காவி. எது வேண்டுமென்று நீங்களே சொல்லுங்கள்."

ஆதலின் வண்டிகளை விடுக; படையை மீட்டுக்கொள்க. முத்திரைக்கு அரக்கு வேண்டாம் என்று விலக்கிவிட்டு, பானையின் அடியில் மிஞ்சியிருந்த கடைசிக் காவியில் அரசியார் தம் பெருவிரலைத் தோய்த்து இங்கே பதித்திருக்கிறார். அதைத் தாங்களே பார்த்தருள்க. பொருள் சொல்லப் புலவரை அழைக்க வேண்டா.