வெளியே வந்து கூப்பிடுங்கள்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

கெசியா எழுதுகிறேன். நானும் நம் பையன் சுஜினும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். உங்களையும் அங்கே பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றுதான் கர்த்தரிடம் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன் இருக்கையில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நாம் பேசுகிற லட்சணம் உங்களுக்கே தெரியும். சாப்பிட்டியா என்று நீங்கள் கேட்பீர்கள், சாப்பிட்டாச்சு என்று நான் சொல்வேன். மழை உண்டா என்பீர்கள், உண்டு என்பேன். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். இந்த விஷயத்தை அப்படிப் பேச முடியாது. என்னோடு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிற அலிமா பீவியின் மருமகன் லீவு முடிந்து நீங்கள் இருக்கிற ஊருக்கே திரும்புகிறார். நாளைக்கு மேலப்பாளையத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய் இதைக் கையில் கொடுத்துவிடுவேன். கூடவே சுண்டவற்றலும் நாரத்தங்காய் ஊறுகாயும் அனுப்புகிறேன். எல்லாவற்றையும் அறையில் இருக்கிறவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வெறும் குப்பூஸ் ரொட்டியைத் தின்றுகொண்டு கிடக்காதீர்கள்.

இங்கே நல்ல மழை. ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. குறுக்குத்துறை கோயில் முக்கால்வாசி முங்கிவிட்டது. வேடிக்கை பார்க்க ஊரே ஆற்றுப் பாலத்தில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை டவுணுக்குப் போகிற வழியில் பஸ் பாலத்தில் நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு பெண்பிள்ளை கைப்பிடிச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து, முதுகை வெள்ளத்துக்குக் காட்டிக்கொண்டு, கையை நீட்டி செல்பி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். ‘ஏளா, கீழ இறங்கு’ என்று கத்தி அவள் கையைப் பிடித்து இழுத்தேன். இறங்கிவிட்டாள். இறங்கி, ‘நீங்க யாரு?’ என்று கேட்டாள். அடுத்த பஸ் வரும்வரை மழையில் நனைந்துகொண்டு நின்றேன். நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். நான் செய்தது உங்கள் வேலையை அல்லவா?

லீவில் வரும்போதெல்லாம் நீங்கள் எங்களைப் படுத்தியது கொஞ்சமா? பெட்ரோல் பங்க் கண்ணில் படுவதற்கு முன்னால் எல்லாருடைய போனும் அணைந்திருக்க வேண்டும். சார்ஜில் கிடக்கிற போனைக் காதில் வைத்தால் வயரைப் பிடுங்கிவிடுவீர்கள். தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கக் கூடாது, ஈரக் கையோடு தொடக் கூடாது. காஸ் மணம் அடித்தால் சுவிட்சும் போடக் கூடாது, போனும் எடுக்கக் கூடாது, பைய வெளியே வந்துவிட வேண்டும். ‘எங்க காஸ் பிளாண்டுல போனை கேட்டுலயே குடுத்துட்டுத்தான் உள்ள போணும். ஒரு பொறி போதும்’ என்று நீங்கள் ஆரம்பித்தால் ஸ்வீட்லின் எழுந்து நின்று சல்யூட் அடிப்பாள். போன் போலீஸ் என்று உங்களுக்குப் பேர் வைத்தவள் நம் மகள்தானே.

அந்தப் போலீஸ்காரர் இப்போது என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அத்தான்.

அவளுடைய போன் என்னிடம்தான் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு கவரில் போட்டுத் தந்தார்கள். கண்ணாடி முழுக்க விரிசல், ஆனாலும் அடிக்கிறது. நான் சார்ஜ் போடுகிறேன், யாரும் சொல்லாமலே சுஜின் ரீசார்ஜ் செய்துவிடுகிறான். சாயங்காலம் உங்கள் டீ நேரத்தில், எனக்குக் கூப்பிடுவதற்கு முன்னால், நீங்கள் அவள் நம்பருக்குக் கூப்பிடுகிறீர்கள். ‘அப்பா’ என்று எழுத்து வரும், அவள் வைத்த பாட்டு ஓடும், நிற்கும். நான் எடுப்பதும் இல்லை, அணைப்பதும் இல்லை. அது அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் உள்ளது என்று விட்டுவிட்டேன். உங்களிடம் சொல்லவும் இல்லை.

கொஞ்ச நாளாக அது பகலிலும் அடிக்கிறது. நேற்று நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பாட்டுச் சத்தம் கேட்டு சுஜின் அடுப்படி வாசலில் வந்து நின்றான். ‘அம்மா, அப்பா இப்ப டியூட்டிலல்லா இருக்காவ? போனு எப்படி உள்ள போச்சு?’ என்று கேட்டான். ஷிப்ட் மாறியிருக்கும் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை, உங்கள் பிள்ளைதானே. இன்றைக்கு ஆராதனை முடிந்ததும், உங்களோடு பிளாண்டில் வேலை பார்க்கிற ரிச்சர்டின் மனைவி பியூலா என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். நீங்கள் போனைப் பூட்ஸுக்குள் செருகி உள்ளே கொண்டுபோகிறீர்களாம். டாங்குக்குப் பின்னால் அதைக் காதில் வைத்துக்கொண்டு நின்றதை ரிச்சர்ட் கண்ணால் பார்த்திருக்கிறார். ‘அண்ணாச்சி, இங்கன காஸ் இருக்கு, ஒங்களுக்குத் தெரியாததா?’ என்று கையைப் பிடித்தாராம். நீங்கள் அதைத் திரும்பப் பூட்ஸில் செருகிக்கொண்டீர்களாம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு பொறி போதும் என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்த மனுஷனுக்கு இது தெரியாமல் நடந்திருக்காது. தெரிந்தேதான் செய்கிறீர்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பியூலாவின் கைக்குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தையின் அப்பாவும் அதே டாங்குக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார் என்பதை நீங்கள் நினைத்தீர்களா?

நாம் பேசாமலே வைத்திருப்பதை எழுதிவிடுகிறேன். நீங்கள் கேட்டுக்கு வந்து போனை வாங்கிப் பேசுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நம் வீட்டில் ‘அப்பா நேரம்’ என்று பேர். அப்பா நேரம் வந்தால் அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கிவிடுவோம். சுஜின் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருவான், அவள் பாட்டுப் பயிற்சியிலிருந்து வெளியே வந்துவிடுவாள். விட்டால் மறுநாள்தான். ரோட்டில் எடுக்காதே என்று நீங்கள் அவளிடம் சொல்லியிருந்ததும் நிஜம், அப்பா நேரத்தை விட அவளுக்கு மனசு வராததும் நிஜம். அன்றைக்கு வண்ணார்பேட்டையில் அத்தனை பஸ்ஸுக்கு நடுவில் போனை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு வண்டி ஓட்டினாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் எடுத்தாள் என்று உங்கள் ஆறுதலுக்காக எழுதிவிடலாமா என்று யோசித்தேன். எழுத மாட்டேன். அவள் நிறுத்தவில்லை. என் பிள்ளை தப்பு செய்தாள், உங்கள்மேல் உள்ள ஆசையில் செய்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கு மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது பின்னால் ஒருத்தி, ‘வண்டி ஓட்டையில பேசிக்கிட்டு வந்திருக்கா. எவன்கூட பேசினாளோ’ என்றாள். நீங்கள் திரும்பி நின்று, ‘எங்கூடதான் பேசுனா’ என்று சொன்னீர்கள். எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னீர்கள். அதற்கப்புறம் லீவு முடிகிற வரைக்கும் வீட்டில் உங்கள் குரலே இல்லை. அவள் பேரைக் காப்பாற்றிவிட்டு, அந்தப் பழியை நீங்கள் சுமந்துகொண்டு விமானம் ஏறிவிட்டீர்கள்.

உங்கள்மேல் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சில நாள் உண்டு. ஏன் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டீர்கள் என்று அடுப்படியில் பாத்திரத்தோடு சண்டை போடுகிறேன். பிறகு அழுதுவிட்டு உங்களுக்காகத்தான் ஜெபம் பண்ணுகிறேன். இரண்டு பேரும் நான்தான். ஆனால் அவள் போனதற்கு ஈடாக நீங்களும் போய்விட வேண்டும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கர்த்தரும் கேட்க மாட்டார்.

சுஜின் இப்போது வண்டியைத் தொடுவதில்லை, டவுண் பஸ்ஸில்தான் டியூஷனுக்குப் போகிறான். போன் பைக்கு அடியில் கிடக்கும். யார் கூப்பிட்டாலும் வழியில் எடுக்க மாட்டான். அவன் வீடு வந்து சேரும்வரை நான் வாசலில்தான் நிற்கிறேன். நீங்கள் எடுக்காதே என்று சொன்னதை இந்த வீட்டில் இப்போது கேட்கிறவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு அப்பா வேண்டும்.

எனக்கும் உங்களிடம் ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது. அவளுடைய கடைசி வார்த்தை உங்கள் காதில் இருக்கிறது. பெற்றவள் நான், எனக்கு அது தெரியாது. சிரித்தாளா, ஏதாவது கேட்டாளா, பயந்தாளா, அப்பா என்றாளா? நான் இதுவரை கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை. போனில் சொல்ல வேண்டாம், எழுதவும் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். அவள் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு நேரமானாலும் சரி, வாயைத் திறந்து சொல்லுங்கள். அங்கே உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த வார்த்தையும் சேர்ந்து எரிந்துபோகும். என் பிள்ளையை இரண்டாவது தடவை அடக்கம் பண்ண எனக்குத் தெம்பில்லை, அத்தான்.

இந்தக் கடிதத்தைப் படித்த மறுநாளே போனைக் கேட்டில் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். ரிச்சர்ட் பார்க்கக் கொடுங்கள். அவர் பியூலாவிடம் சொல்வார், எனக்குத் தெரிந்துவிடும். உங்களை அந்தக் கேட்டுக்குள் அனுப்புகிற கர்த்தர் ஒவ்வொரு சாயங்காலமும் முழுசாக வெளியே கொண்டுவரட்டும்.

வெளியே வந்து கூப்பிடுங்கள். நாங்கள் எடுக்காவிட்டால் ரோட்டில் இருக்கிறோம், வீடு சேர்ந்ததும் கூப்பிடுவோம் என்று பொறுத்திருங்கள், திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். என் நம்பருக்குத்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. அவள் நம்பருக்கே கூப்பிடுங்கள். இனிமேல் நான் எடுக்கிறேன்.

உங்கள்,
கெசியா