இடது ஸ்பீக்கருக்கு இருநூறு

அப்பா,

மாமா தேடி எடுத்து வைக்கச் சொன்ன மைக் இப்போது என் நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஹோம் தியேட்டர் ரிசீவரோடு வந்தது. கட்டைவிரல் அளவுதான், வயர் மட்டும் நீளம். பீரோவின் கீழ்த்தட்டில், உன் வேலைச் சட்டைக்கு அடியில் சுருட்டி வைத்திருந்தாய். எடுத்தபோது வயரிலும் மிஷின் எண்ணெய் வாசனை அடித்தது.

நாளைக் காலையில் மாமா வருகிறார். ரிசீவரில் இருக்கிற செட்டிங் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இந்த மைக்கை வைத்துப் புதிதாகப் போடப்போகிறார். அதற்குமுன் நான் எழுதிவிட வேண்டும். அம்மா உள்ளறையில் படுத்திருக்கிறாள். அவள் புரண்டு படுத்தால்கூட நோட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறேன். இரண்டு முறை அப்படிச் செய்தாகிவிட்டது.

டிவியைச் சத்தமில்லாமல் போட்டு மெனுவில் இருந்ததைத் தனித்தாளில் எழுதிக்கொண்டேன். முன் வலது ஸ்பீக்கர்: கிராஸ்ஓவர் எண்பது, லெவல் பூஜ்யம். முன் இடது ஸ்பீக்கர்: கிராஸ்ஓவர் இருநூறு, லெவல் கூட்டல் எட்டு. இரண்டும் ஒரே பெட்டியில் வந்த ஜோடி ஸ்பீக்கர்கள். ஜோடியை யாரும் இப்படி ஆளுக்கொரு விதமாக வைக்க மாட்டார்கள். நாம் வைத்தோம்.

தீபாவளி போனஸில் நீ அந்த ஹோம் தியேட்டரை வாங்கி வந்த அன்று, புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது என்று என் மடியில் போட்டாய். டவுனை ஒட்டிய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் தகடு அடிக்கிற பிரஸ் மிஷினில் உனக்குப் பத்து வருஷ வேலை. எந்த மிஷினையும் பிரித்து மாட்டுவாய், ஆனால் மெனுவைக் கண்டால் ரிமோட்டை என்னிடம் நீட்டிவிடுவாய். கடைக்காரர், ஸ்பீக்கர் ஆள் உயரம் இருக்கிறது, மெனுவில் ‘பெரிது’ என்று வையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்படியே வைத்தேன். முதல் பாட்டிலேயே சுவரில் சாமி படம் கிடுகிடுவென்று ஆடியது.

“நிறுத்துங்க. சாமிக்கே சாமி வந்துடும் போல” என்றாள் அம்மா.

பிறகு புத்தகத்தை முழுதாகப் படித்தேன். எவ்வளவு உயரமான ஸ்பீக்கராக இருந்தாலும் ‘சிறிது’ என்று வைத்து, கிராஸ்ஓவரை எண்பதில் வைத்தால் போதும் என்று இருந்தது. “எண்பதுக்குக் கீழ இருக்கிற தடித்த சத்தம் எல்லாம் சப்வூஃபருக்குப் போயிடும்ப்பா. மேல இருக்கிறது ஸ்பீக்கர்லயே நிக்கும்” என்று சொன்னேன்.

“கரையில மீன் பிரிக்கிற மாதிரிதான? பெருசு ஒரு கூடை, பொடிசு ஒரு கூடை.”

“ஆமா. எதுவரைக்கும் பொடிசுன்னு நாமதான் சொல்லணும்.”

“எண்பதுன்னு சொல்லிடு, பாப்பா” என்றாய், ஏலம் முடிக்கிறவர் மாதிரி.

அப்புறம் மைக்கை உன் நாற்காலியில் நிறுத்தினோம். ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் ஒரு கூவல் போடும், மைக் அதைக் கேட்டு லெவலைத் தானே சரி செய்துகொள்ளும். திரையில் ‘வெளிச்சத்தம் அதிகம்’ என்று வந்தது. ஃபேனை நிறுத்தினோம். ஃபிரிஜ்ஜை நிறுத்தினோம். அம்மாவைக் குக்கரை இறக்கச் சொன்னோம். திரும்பவும் அதேதான். அன்று அலை பலமாக அடித்துக்கொண்டிருந்தது. நம் வீட்டிலிருந்து கரை எத்தனை அடி தூரம்தான்?

“கடல எந்த சுச்சுல நிறுத்துறது?” என்றாய். மூன்று நாள் கழித்துக் கடல் அடங்கிய பிற்பகலில், மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்று அதை முடித்தோம். இடது பூஜ்யம், வலது பூஜ்யம் என்று வந்தது. மைக் கணக்கில் இரண்டும் சமம்.

படம் போட்டதும், இடது பக்கம் சத்தமே வரவில்லை என்றாய். இரண்டு ஏற்றினேன். நான்கு ஏற்றினேன். “இன்னும் ஏத்து, பாப்பா.” எட்டு வைத்தபோது அம்மா அடுப்படியிலிருந்து, “எனக்குக் காது கிழியுது, உங்க ரெண்டு பேருக்கும் பஞ்சா வச்சிருக்குது?” என்று கேட்டாள். அதுவும் உனக்குப் போதவில்லை. சப்வூஃபர் உன் வலப்பக்கம், பீரோவை ஒட்டி இருந்தது. “இடது பக்கத்துச் சத்தத்தக் கொஞ்சம் அதுக்குத் தள்ளேன்” என்றாய். இடது ஸ்பீக்கருக்கு மட்டும் கிராஸ்ஓவரை நூற்றிருபதாக்கினேன், நூற்றைம்பதாக்கினேன், கடைசியில் இருநூறு. ஆண் குரல் பாதி சப்வூஃபருக்குப் போய்விட்டது.

“இன்னாங்க இது, ஹீரோ பீரோவுக்குள்ள உக்காந்துகினு பேசுறான்” என்றாள் அம்மா. நீ சிரித்தாய். செருப்பில்லாத காலை, அதிர்கிற தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு, இப்போதுதான் சரியாக இருக்கிறது என்றாய்.

ஸ்பீக்கரில்தான் குறை, கடையில் கொடுத்து மாற்றலாம் என்று முடிவு செய்தோம். கொடுப்பதற்குமுன் இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கச் சொல்லிப் புத்தகத்தில் இருந்தது. நீ குளிக்கப் போயிருந்தபோது இழுத்து மாற்றினேன். எல்லா எண்களையும் சமமாக்கினேன். நீ தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாய்.

“பாரு, லெஃப்ட்ல ஒன்னுமே இல்ல.”

“ப்பா, ஸ்பீக்கர மாத்திட்டேன். வலது பக்கம் இருந்ததுதான் இப்ப லெஃப்ட்ல இருக்குது.”

நீ வலது காதைக் கையால் பொத்தினாய். எடுத்தாய். மறுபடியும் பொத்தினாய். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு எழுந்து அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாய்.

“அம்மாகிட்ட சொல்லாத.”

“டாக்டர்கிட்ட போலாம்ப்பா.”

“போலாம். கம்பெனில அடுத்த மாசம் காது டெஸ்ட் வருது, அது தாண்டட்டும். தெரிஞ்சா மிஷின்லேர்ந்து எடுத்து கேட்ல குந்த வச்சிடுவாங்க. பத்து வருஷம் தகடு அடிச்சவன் வர்றவன் போறவனுக்கு சலாம் போடணுமா?” ரிமோட்டை என்னிடம் நீட்டி, “இருநூறே இருக்கட்டும். ஸ்பீக்கர் கோளாறுன்னு சொல்லிக்கலாம்” என்றாய்.

நான் ஸ்பீக்கர்களைத் திரும்ப இடம் மாற்றி, இடதுக்கு எட்டும் இருநூறும் வைத்தேன். டெஸ்ட் அன்று நீ காய்ச்சல் என்று லீவு போட்டாய். டாக்டரிடம் போகவே இல்லை. நான் ஞாபகப்படுத்தவும் இல்லை.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. டவுனிலிருந்து வந்த பஸ் உன்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டது. பாதி ரோடு கடந்துவிட்டாய். மீதிப் பாதியில் காலாப்பட்டுப் பக்கத்திலிருந்து, உன் இடப்பக்கமாக, மீன் வேன் வந்தது. வேனை ஓட்டியவர் இரண்டு முறை ஹாரன் அடித்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று சொன்னார். யாரும் நம்பவில்லை. டீக்கடையில் இருந்தவர்களுக்கு ஹாரன் கேட்ட ஞாபகம் இல்லை. ஹாரன் அடித்தால் மனுஷன் திரும்ப மாட்டானா என்று கேட்டு அவரை அடித்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்தார், இனி நம் கரையிலிருந்து யாரும் அவர் வண்டியில் மீன் ஏற்றக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். பக்கத்துக் கரைகளும் அதையே கடைப்பிடிக்கின்றன. கேஸ் இன்னும் நடக்கிறது.

அவர் மகள் என் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள், எனக்கு ஒரு வகுப்பு கீழே. காலாப்பட்டிலேயே பஸ் ஏறி வருவாள். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாள். பின்சீட்டுப் பையன்கள் தினமும் ஏதாவது சொல்வார்கள். “இன்னா, உங்கப்பன் இன்னிக்கு யாரத் தூக்குனாரு?” “ஏய், ரோட்ட கிராஸ் பண்ணாதீங்கடா, அவ வூட்டு வண்டி வருது.” நான் ஏறியதும் பேச்சு நின்றுவிடும். என் மேல் உள்ள மரியாதையாம். நான் அவளைத் தாண்டிப் போய் உட்காருவேன். போன வாரம் தாண்டும்போது பார்த்தேன், அவள் பைக்கு ஜிப் இல்லை, ஊக்கு குத்தியிருந்தாள்.

அன்று சாயங்காலம் உன் காது விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை.

“உனக்கு யாரு சொன்னது?”

“நான்தாம்மா செட் பண்ணேன். மெனுல இன்னும் அப்படியே இருக்குது. வேணும்னா காட்டறேன்.”

“காட்ட வாணாம். யாருக்கும் காட்ட வாணாம்.” அப்புறம்தான் கத்தியை வைத்தாள். “காது கேக்காத மனுஷன ரோட்ல வுட்டுட்டு இவ இன்னா பண்ணிகினு இருந்தான்னு ஊரு கேக்கும். இன்னா சொல்றது? எனக்குத் தெரியாதுன்னா? கூடக் குடும்பம் பண்ணவளுக்குத் தெரியாதான்னு கேப்பாங்க. போனவருக்கு செவிடன்னு பேரு வாங்கிக் குடுக்கப்போறியா?”

“அவரு ஹாரன் அடிச்சிருக்காரும்மா.”

“அடிச்சா அடிச்சிட்டுப் போறான். வாயத் தொறந்தன்னா பாரு.”

அம்மா எனக்கு முன்னால் இப்படிப் பேசியதே இல்லை. கை முழுக்கச் செதிலோடு போனை எடுத்து, சவுண்டு சரியில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாத்தையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடு என்று மாமாவிடம் சொன்னாள். மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவைக் கெட்டவள் என்று நான் எழுதவில்லை. அவள் உன் பேரைக் காப்பாற்றுகிறாள். நானும் ஒரு வருஷமாக அதைத்தான் செய்தேன்.

நாளைக்கு மாமா மைக்கை நாற்காலியில் வைப்பார். அலை அதிகமாக இல்லை, ஒரே தடவையில் முடிந்துவிடும். இடது பூஜ்யம், வலது பூஜ்யம் என்று வரும். அம்மா படம் பார்க்க அதுதான் சரி, நான் தடுக்கப்போவதில்லை. எழுதிய தாளை நாலாக மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன். அதை வைத்துக் கோர்ட்டில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. வெறும் எண்கள், இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். அதனால் தாள் மட்டும் போதாது, நானும் போய் நிற்க வேண்டியிருக்கும். பஞ்சாயத்தார் முன்னாலும் நிற்க வேண்டும். அம்மா அதற்குப் பிறகு என்னோடு பேசுவாளா என்றும் தெரியவில்லை.

நீ சொல்லாதே என்றாய். ஒரு மாசத்துக்குத்தான் சொன்னாய் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை பஸ் ஏறியதும் முதல் சீட்டில் அவள் பக்கத்தில் உட்காரப்போகிறேன். பின்சீட்டில் என்ன பேசினாலும் பேசட்டும். அவளிடம் சொல்வதற்கு நிறைய எழுதிப் பார்த்து, எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். இரண்டு வரிதான் மிச்சம். உங்கப்பா ஹாரன் அடிச்சாரு. எங்கப்பாவுக்குத்தான் கேக்கல.