உலைக்குள் கிடந்த துண்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அண்ணன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். முழங்கால் வலிக்குப் புது மாத்திரை கேட்கிறதா? போனில் பேசியிருக்கலாம். அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். அதனால்தான் கடிதம்.

நாங்கள் இப்போது தோண்டுவது நீங்கள் வேலை பார்த்த ஃபெரோசிலிக்கான் உலையைத்தான். மூடிய உலை உள்ளே எப்படி இறுகிக் கிடக்கிறது என்று அடுக்கடுக்காகப் பெயர்த்து, வரைந்துகொண்டே போவது எங்கள் வேலை. நீங்கள் இங்கே ஷிப்ட் ஃபோர்மேனாக இருந்ததைக் குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல சமயம் பார்த்துப் பெருமையாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

சுவரோரம் பஞ்சு போல வெள்ளைப் பொடி. மின்சாரம் பாய்ச்சிய எலெக்ட்ரோடு, அந்தக் கரித்தூண், நின்ற இடத்துக்குக் கீழே குகை போல வெற்றிடம். பச்சையாக மினுங்கும் கல். நீங்கள் ஒருநாளும் பார்த்திராத உள்பக்கம். நான் தூரிகையால் துடைப்பதைப் பார்த்த இயந்திரம் ஓட்டுபவர், இதென்ன உங்க அப்பன் வீட்டு அடுப்பா, இப்படித் தடவிக் கொடுக்கிறீங்களே என்று கேலி செய்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நேற்று, உருகிய உலோகம் வெளியேறும் துளைக்கு உள்பக்கம், முறிந்த எலெக்ட்ரோடின் அடித்துண்டு கிடந்தது. அதைச் சுற்றிக் கல் வளர்ந்து வழியையே அடைத்திருக்கிறது. அது முறிந்தது உங்கள் ஷிப்டில். துண்டை வெளியே இழுத்துப் போட்டாயிற்று என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். பிறகு உலோகம் வரவில்லை. நீளக் கம்பியால் துளை திறக்கும் ஈட்டி மாமாவுக்குத்தான் கை சரியில்லை, குடித்துவிட்டு வருகிறான் என்று வேலையை விட்டு அனுப்பினார்கள். வீட்டில் நீங்களும், அவனுக்குப் பொறுப்பு போதாது என்றீர்கள்.

குழுத் தலைவி வந்தபோது அதன்மேல் தார்ப்பாயை இழுத்து மூடினேன். படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ. இன்று காலை நானே திறந்து காட்டிவிட்டேன். யாருடைய ஷிப்ட் என்று இனிமேல்தான் தேடுவார்கள். கண்ணாடி பார்க்கவே கூசுகிறது.

ஈட்டி மாமாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். சைக்கிள் பழுது பார்க்கிறார். என்ன மருமகளே, உலைக்குப் போஸ்ட்மார்ட்டமாமே, செத்ததுக்கு அப்புறம் வைத்தியமா என்று சிரித்தார். வேலையை விட்டு அனுப்பின அன்றைக்கு எனக்காக ஒரு வார்த்தை பேசியது உங்க அப்பா ஒருத்தர்தான் என்றும் சொன்னார். அவர் போன் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அறிக்கை வருவதற்குள் நீங்களே அவரைக் கூப்பிடுங்கள் அப்பா. எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உங்கள் குரல் என்று தெரிந்ததும் அவர் சந்தோஷப்பட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் விசாரிப்பார். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மட்டும் வைத்துவிடாதீர்கள்.

உங்கள் பாசமுள்ள
மகள்