ஐம்பது கிலோவுக்குக் கீழே

மார்ச் 4, செவ்வாய்

இன்று அலுவலகக் கிடங்கில் எல்லோருக்கும் எடை பார்த்தார்கள். வண்டல் வாளிகளை நிறுக்கும் பெரிய வட்டமுகத் தராசு. செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக ஏறினோம்.

ஆற்றில் இறங்கி நீரோட்டம் அளக்கிறவர்களுக்குப் புது விதி வந்திருக்கிறது. ஐம்பது கிலோவுக்குக் குறைந்தால் ஓட்டம் ஆளைத் தூக்கிவிடுமாம். தொண்ணூறுக்கு மேலே போனால் மிதவைச் சட்டை தாங்காதாம். இடையில் இருப்பவர்கள்தான் இனித் தண்ணீரில் கால் வைக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை.

விதியை எழுதியவர் எங்கள் பிரிவின் தலைவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். இந்தக் குறிப்பில் அவருக்குப் பெயர் பெரியவர். அவர் ஏறினார், எண்பத்தொன்பது. ஓட்டுநருக்கு ஒரே சந்தோஷம், போன மாதத்தைவிட இரண்டு கிலோ குறைந்திருந்தாராம். கணக்காளரும் தன் வயிற்றைத் தட்டிக்கொண்டு இறங்கினார். எல்லோருக்கும் நல்ல நாள்.

நான் ஏறினேன். நாற்பத்து மூன்று.

பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “மேடம், ஆறு உங்களைத் தூக்கிட்டுப் போனா வலை போட்டுக்கூடப் பிடிக்க முடியாது. கண்ணி வழியா நழுவிடுவீங்க.”

கிடங்கே சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, நானும் சிரித்தது.

மார்ச் 6, வியாழன்

மேசை வேலை கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் ஆற்றிலிருந்து கொண்டுவரும் எண்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். செப்டம்பரிலும் எடை எட்டவில்லை என்றால் இந்த நாற்காலியே நிரந்தரம். பெரியவர் மிக மரியாதையாகத்தான் சொன்னார். “வயசும் ஆகுதில்ல, மேடம். நிழல்ல உக்காருங்களேன்.”

இருபது வருடத்துக்கு மேல் அந்த ஆற்றில் நின்றிருக்கிறேன். தொடைவரைத் தண்ணீரில், கையில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, ஓட்டத்தின் வேகம் காட்டும் கிண்ணச் சக்கரம் சுற்றுவதை எண்ணியபடி. ஒருமுறைகூட விழுந்ததில்லை. கால்களை எப்படி வைப்பது, உடம்பை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது எடை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. இது அவனுக்கும் தெரியும்.

அவன் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

அக்காவின் குளியலறைத் தராசில் ஏறினேன். நாற்பத்தைந்து காட்டியது. அக்கா கதவருகில் நின்றுகொண்டு, “அதை நம்பாதடி. அது பொய் சொல்லும். எனக்கு எப்பவும் ரெண்டு கிலோ கூடக் காட்டும்,” என்றாள்.

படித்தவள் என்ன செய்வாள்? அலுவலகத் தராசு வருடா வருடம் சோதிக்கப்படுவது. அக்காவின் தராசு கடையில் தள்ளுபடியில் வாங்கியது. எனவே இனிமேல் வீட்டில் பார்க்கும் எடையில் இரண்டைக் கழித்துவிடுவது என்று முடிவு. ஏழு கிலோ ஏற்ற வேண்டும்.

அக்கா உருளைக்கிழங்கைப் பார்த்தாலே ஊதுகிறவள். மூன்று வருடமாக ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெள்ளரிக்காய் கடிக்கிறாள். நான் ஏழு கிலோ ஏற்றப்போகிறேன் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்கிட்ட இருந்து எடுத்துக்கோயேன். சும்மாவே தரேன்.”

மார்ச் 15, சனி

மருத்துவர் எல்லாச் சோதனையும் எழுதினார், எல்லாம் சரியாக வந்தது. வியாதி எதுவும் இல்லை, இது உங்கள் உடம்பு வாகு என்றார். ஐம்பதை நெருங்கும்போது இருக்கிற தசையும் கரையும், வெறுமனே சாப்பிட்டால் போதாது, பாரம் தூக்குங்கள் என்றார்.

சின்ன வயதிலிருந்து கேட்டுச் சலித்தது இது. வீட்ல சோறு போடுறதில்லையா. ஏதாவது வியாதியா. உனக்கென்ன, குடுத்து வச்சவ. குண்டாக இருப்பவரிடம் முகத்துக்கு நேரே கேட்கத் தயங்குவதை ஒல்லியாக இருப்பவளிடம் யாரும் தயங்காமல் கேட்கிறார்கள். பாராட்டுவதாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒருத்தருக்கும் பதில் சொன்னதில்லை. எல்லாம் உள்ளே கிடக்கிறது. வட்டியோடு.

மார்ச் 24, திங்கள்

உடற்பயிற்சிக் கூடம் ஒரு பழைய டயர் கடையின் மாடியில் இருக்கிறது. ரப்பர் வாசனை, சுவர் நிறையக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நிற்கிறேன், குச்சி குச்சியாக. பயிற்சிக்காரிக்கு முப்பது வயதிருக்கும். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, மெல்லிய குரல். வெறும் இரும்புக் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழச் சொன்னாள். உட்கார்ந்தேன். எழவில்லை.

அவளே பின்னால் வந்து தூக்கி நிறுத்தினாள். ஒரு நாளில் என்னவெல்லாம் சாப்பிடுகிறேன் என்று கேட்டாள், சொன்னேன்.

“அக்கா, இது உங்க கோபத்துக்கே பத்தாது. உடம்புக்கு எங்கேர்ந்து வரும்?”

கோபம் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். தாடையைத் தொட்டுக் காட்டினாள். வந்ததிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறேனாம்.

“யார் மேல?”

“ஆபீஸ்ல ஒருத்தன்.”

“நல்லதாப் போச்சு. அவனைக் கம்பியில மாட்டித் தூக்குங்க.”

மார்ச் 25, செவ்வாய்

மாடிப்படி இறங்க முடியவில்லை. பின்பக்கமாக இறங்கினேன். அக்கா பார்த்துவிட்டாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சாப்பிடுவது இப்படி ஒரு வேலை என்று யாரும் சொல்லவில்லை. காலையில் முட்டை, பால், வாழைப்பழம். பதினோரு மணிக்கு நிலக்கடலை. மதியம் இரண்டு தட்டு சோறு, கோழி. சாயங்காலம் மறுபடி முட்டை. ராத்திரி மறுபடி எல்லாம். மூன்றாவது கவளத்திலேயே தொண்டை மூடிக்கொள்கிறது. மென்றுகொண்டே இருக்கிறேன், விழுங்க மனம் வரவில்லை. அப்போது அந்தச் சிரிப்பை நினைத்துக்கொள்கிறேன். இறங்கிவிடுகிறது.

எதிரே அக்கா வெள்ளரிக்காயோடு உட்கார்ந்து என் தட்டையே பார்க்கிறாள். நான் அவள் தட்டைப் பார்க்கிறேன். பாவம் இரண்டு பேருமே.

எடை: வீட்டில் நாற்பத்தாறு. கழித்தால் நாற்பத்து நான்கு.

ஏப்ரல் 29, செவ்வாய்

கம்பியில் மாட்டும் இரும்புத் தட்டுகளுக்குப் பெயர் வைத்துவிட்டேன். இடது பக்கம் கணக்காளர், வலது பக்கம் ஓட்டுநர். நடுவில் கம்பியே பெரியவர். தரையிலிருந்து மூவரையும் சேர்த்துத் தூக்கி, கொஞ்ச நேரம் பிடித்திருந்து, டமார் என்று கீழே போட்டேன். மெதுவாக வைக்க வேண்டும் என்று பயிற்சிக்காரி கண்டித்தாள்.

மே 11, ஞாயிறு

எடையில் மாற்றமே இல்லை. ஒரு மாதமாகத் தின்றது எங்கே போனது? நான் என்ன ஓட்டைப் பாத்திரமா?

மே 22, வியாழன்

இன்று வந்த ஆற்று எண்களை ஏற்றினேன். ஆற்றின் நடுவில் ஓட்டம் கரையோரத்தைவிடக் குறைவாம். எந்த ஊரில் நடக்கும் இது? நடுப்பகுதிக்குப் போகவே இல்லை. கரையில் அளந்ததையே கொஞ்சம் தட்டித் தட்டி எழுதியிருக்கிறார்கள். பெரியவரிடம் காட்டினேன். அவரே நேரில் இறங்கி எடுத்த எண்களாம்.

“பாறை வழுக்குது மேடம். உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். எனக்கு அந்தப் பாறைகள் ஒவ்வொன்றையும் தெரியும். அந்த எண்களை நம்பித்தான் வெள்ளம் வருமுன் கீழே இருக்கும் தெருக்களுக்கு எச்சரிக்கை போகும். இதை நினைத்துக்கொண்டு ஒரு கிண்ணம் கடலை தின்றேன். அதற்கு மேலும் ஒரு கிண்ணம்.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு வாரமாகக் காய்ச்சல். மூன்று கிலோ போய்விட்டது. மூன்று மாதம் சேர்த்ததை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போய்விட்டது இந்த உடம்பு. அக்காவிடம் சொல்லி அழுதேன். அழுதேன் என்று எழுதப் பிடிக்கவில்லை, ஆனால் அழுதேன். இந்த உடம்புக்கு என்ன செஞ்சாலும் ஒட்டாதுடி, விட்டுடறேன், நாற்காலியிலேயே உக்காந்து சாகறேன் என்று சொன்னேன்.

அக்கா எழுந்து போனாள். திரும்பி வரும்போது கையில் வெண்ணெய் மிதக்கும் மசித்த உருளைக்கிழங்கு. மூன்று வருடமாக இந்த வீட்டுக்குள் வெண்ணெய் வந்ததில்லை.

“உனக்காக வாங்கினேன். நான் மோந்துகூடப் பாக்கல. தின்னு.”

அவள் உதட்டோரம் மினுமினுத்தது. நான் தின்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஊறுகாய்ப் பாட்டில் மூடி திறக்கவில்லை என்று அக்கா கொண்டுவந்தாள். திறந்து கொடுத்தேன். இரண்டு பேரும் மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூலை 28, திங்கள்

சட்டைக் கை தோளுக்குக் கீழே இறுக்குகிறது. குளித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். தொடையில், முட்டிக்கு மேலே, ஒரு மேடு. அழுத்திப் பார்த்தால் உள்ளே போகவில்லை. நாற்பத்தெட்டு வருடத்தில் இந்த இடத்தில் எலும்பைத் தவிர எதையும் தொட்டதில்லை. இது என்னுடையதா?

எடை: வீட்டில் நாற்பத்தெட்டரை. கழித்தால் நாற்பத்தாறரை. செப்டம்பருக்குள் மூன்றரை கிலோ வரவே வராது. எனக்குக் கணக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கிடங்குக்காரர் விடுப்பு. வண்டல் மாதிரியை நிறுக்க நானே போனேன். வாளியைத் தூக்கி வைக்கும் முன் தராசைப் பார்த்தேன். மேலே எதுவும் இல்லை. ஆனால் முள் பூஜ்யத்தில் இல்லை. அதற்குப் பின்னால், இரண்டு கிலோ தள்ளி நின்றிருந்தது.

நிற்கத்தானே செய்யும்? வாளியின் எடை இரண்டு கிலோ. ஒவ்வொரு முறையும் கழிக்கச் சோம்பல்பட்டு, தராசின் அடியிலுள்ள திருகைத் திருப்பி முள்ளை முன்கூட்டியே பின்னால் தள்ளி வைப்பது எங்கள் கிடங்கு வழக்கம். வாளியை வைத்தால் வண்டலின் எடை மட்டும் நேராகத் தெரியும். எல்லோரும் செய்வது, நானும் செய்வது.

அந்தத் தராசில்தான் மார்ச்சில் வரிசையாக ஏறி நின்றோம், ஆளுக்கு ஒரு வாளியைப் பறிகொடுத்துக்கொண்டு. ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. குறைத்துக் காட்டும் தராசை யார் சந்தேகப்படுவார்கள்? ஓட்டுநர் துள்ளினார், கணக்காளர் வயிற்றைத் தட்டினார். நஷ்டம் எனக்கு ஒருத்திக்குத்தான்.

அக்காவின் தராசு பொய் சொல்லவில்லை. இத்தனை மாதம் நான் கழித்த இரண்டு கிலோவும் என் சதை.

வண்டலை நிறுத்தேன். பிறகுதான் உறைத்தது. அன்றைக்குப் பெரியவர் எண்பத்தொன்பது. அப்படியென்றால்?

திருகைத் தொடவில்லை. கிடங்கைப் பூட்டிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

போய்ச் சொல்வதுதான் நேர்மை. மிதவைச் சட்டை தாங்காத ஆள் ஆற்றில் இறங்கிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் அவர் இறங்குவது முட்டித் தண்ணீர்வரைதான். எண்களே சொல்கின்றன. முட்டித் தண்ணீரில் யாரும் முழுகுவதில்லை.

சொல்வேன். எடை பார்க்கும் நாளில், இயக்குநர் முன்னால் சொல்வேன். என்னைப் பார்த்துச் சிரித்ததும் எல்லோர் முன்னாலும்தானே.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வீட்டில் ஐம்பதுக்கு ஒரு மயிரிழை கீழே. அக்கா யோசனை சொன்னாள்: நிறையத் தண்ணீர் குடி, பையில் கல் போட்டுக்கொள். மாட்டேன் என்றேன். கல்லையா அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன்? நான் போக வேண்டும். நான் மட்டும்.

மூன்று தட்டு சாப்பிட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கிடங்கில் எல்லோரும் இருந்தோம். இயக்குநர் வந்திருந்தார். பெரியவர் கையில் அட்டையோடு, “முதல்ல மேடமே வரட்டும், பாவம், பதட்டமா இருப்பாங்க,” என்றார். போனேன். ஏறவில்லை.

“ஏறுறதுக்கு முன்னாடி எல்லாரும் கொஞ்சம் முள்ளைப் பாருங்க,” என்றேன்.

பார்த்தார்கள். கிடங்குக்காரர்தான் முதலில் வாயைப் பொத்தினார். “ஐயையோ, வாளி.”

இயக்குநருக்குப் புரியவில்லை, விளக்கினேன். மெதுவாக, வகுப்பில் சொல்வதுபோல. பிறகு குனிந்து திருகைத் திருப்பினேன். முள் நகர்ந்து பூஜ்யத்தில் நின்றது. ஏறினேன். முள் ஓடி, ஆடி, ஐம்பதைத் தாண்டி ஒரு சிறு கோட்டில் நின்றது. இயக்குநர் குனிந்து பார்த்து, சரி என்றார். அட்டையில் எழுதியது பெரியவரின் கை.

நான் இறங்கி, தராசைக் காட்டினேன். “அடுத்து நீங்க, சார்.”

பிறகு பார்த்துக்கொள்ளலாம், தன்னுடையது அவசரமில்லை என்று ஏதோ சொன்னார். இயக்குநர் நிதானமாக, “விதி நீங்க எழுதினதுதானே? ஏறுங்க,” என்றார்.

செருப்பைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து சாவி, தொலைபேசி, சில்லறை எல்லாவற்றையும் எடுத்துக் கணக்காளர் கையில் கொடுத்தார். ஏறினார். தொண்ணூற்று இரண்டு.

யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிப்பு வரும் என்று ஆறு மாதமாகக் காத்திருந்தேன். நானும் சிரிக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு விநாடியையும் மென்று மென்று விழுங்கினேன். அது தொண்டையில் நிற்கவில்லை.

வெளியே நடைபாதையில் என்னிடம் வந்தார். “எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“போன மாசம்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே, மேடம்.”

“சொல்லியிருக்கலாம்,” என்றேன்.

செப்டம்பர் 3, புதன்

அக்கா பேசவில்லை. அவளுடைய தராசு சரி என்று நான் நிரூபித்துவிட்டேனாம்.

செப்டம்பர் 22, திங்கள்

மேலே நல்ல மழை. ஆறு கலங்கி, பழுப்பாக, இரைச்சலோடு வந்துகொண்டிருந்தது. மார்ச்சுக்குப் பிறகு முதல் முறையாக இறங்கினேன். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை கரையில், பெரியவர் கையில். தண்ணீரில் இறங்க முடியாதவர்களுக்கு இப்போது அந்த வேலைதான். கயிறு பிடிப்பவருக்கு உச்ச எடை என்று விதி எதுவும் இல்லை.

நடுவரை போனேன். தொடைக்கு மேலே தண்ணீர். பழைய பாறைகள் அப்படியேதான் இருந்தன, ஒன்றைத் தவிர. அது புரண்டிருந்தது. கால் வழுக்கியது. ஓட்டம் என்னைச் சாய்த்த அதே நொடியில் இடுப்பில் கயிறு விறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அவன் குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து நின்றிருந்தான். நான் தொடையை இறுக்கி நிமிர்ந்தேன். அளந்தேன். நடுவில்தான் ஓட்டம் அதிகம், சந்தேகமே இல்லை. அந்த எண்ணைக் கரையை நோக்கிக் கத்தினேன். அவன் எழுதிக்கொண்டான்.

கரையேறியதும் துண்டை நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

நாளை யார் கயிறு பிடிப்பது என்று இயக்குநர் கேட்டார். ஓட்டுநர் கை தூக்கினார். நான் அவனே வேண்டும் என்றேன். வெயிலில் நிற்கட்டும் என்றுதான். தொண்ணூற்று இரண்டு கிலோ வேறு யாரிடம் இருக்கிறது என்பது இன்னொரு காரணம். அதை அவனிடம் சொல்லப்போவதில்லை.