காலை ஏழு மணி, கேஸ் விட்டாச்சு

போவேனா மாட்டேனா என்றுதானே கேட்கிறாய்? தெரியவில்லை. பதினொரு மணிக்கு வருவதாக உன் அப்பா சொல்லியிருக்கிறார். இப்போது ஒன்பதே முக்கால். அவர் நேற்று வைத்துவிட்டுப் போன பழுப்புக் கவர் பாட்டில் கழுவுகிற மேசைமேல் கிடக்கிறது. ஈரம் பட்டுவிடக் கூடாதென்று இரண்டு தடவை தள்ளி வைத்துவிட்டேன். கிழித்துப் போட வேண்டும் என்று தோன்றுகிற பொருளை எதற்கு ஈரத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதமும் உன்னைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னேன். என்னோடு காலேஜை விட்டு வந்தவன், கடைசிவரை என்னோடு நின்றவன். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

உன் அப்பா வெண்ணந்தூரிலிருந்து பஸ் ஏறி, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வழி கேட்டுக் கேட்டு, நாம் ப்ரூவரி என்று பலகை மாட்டிய இந்தக் கார் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பலகை அவருக்கு எப்போதும் கூச்சம். ஜிஞ்சர் பீர் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

"இன்னும் இந்த இஞ்சித் தண்ணி ஓடுதாஞ்சாமி?"

"ஓடுதுங்ப்பா. உக்காருங்க."

ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். முழுக்கக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டார். பிறகு கவரை எடுத்தார்.

"காலேஜ்ல இருந்து போன் வந்துச்சு. டிகிரி வந்துருக்குதாம். நேர்ல வந்து வாங்கிக்கோணுமாம்."

"யாரு டிகிரிங்ப்பா?"

"வேற யாருது? எம்பையனுதுதான்."

மனுஷன் ஏதோ குழம்பிப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். மகனைப் பறிகொடுத்தவர், யாரோ எதையோ சொல்லி ஏமாற்றுகிறார்கள் போல என்று பயந்தும் போனேன். அவர் கவரைப் பிரித்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். மார்க் ஷீட்டுகள். ஐந்து ஹால் டிக்கெட். உன் போட்டோ. எல்லாவற்றிலும் நீதான்.

"நீ இல்லீனா அவன் எழுதியிருக்கவே மாட்டான் சாமி. அவனே சொன்னான். கடைய நான் பாத்துக்கறேன், நீ போயி அரியர எழுதுன்னு அவந்தாம்ப்பா தொரத்தி உடறான்னு. பரிச்சைக்கு மொத நா சாயங்காலமே ஊட்டுக்கு வந்துருவான். விடிய விடியப் படிப்பான். காத்தால நானே வண்டில கொண்டுபோயி காலேஜ் வாசல்ல எறக்கி உடுவேன்."

நான் "ஆமாங்ப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது என்று நீயே சொல்.

"எனக்கு அந்தக் காலேஜ்ல எந்தப் பக்கம் போறதுன்னே தெரியாது. வாசலோட திரும்பற ஆளு நான். உனக்குன்னா தெரிஞ்ச எடம். நாளைக்கு நீ கூட வந்தீன்னா எனக்குத் தெம்பா இருக்கும். வருவியா?"

பார்க்கலாம் என்றேன். அதை வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏழாவது செமஸ்டர் முடிந்த அன்று மெஸ் வாசலில் நின்றோமே, நினைவிருக்கிறதா. எனக்குப் பதினான்கு அரியர், உனக்கு ஐந்து. இரண்டு பேரும் ஐடி கார்டைக் கழற்றினோம். நான் முதலில் குப்பைத் தொட்டியில் போட்டேன். நீ கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுப் போட்டாய். "திரும்பிப் பாக்கக் கூடாதுடா. பாத்தா போயிருவோம்" என்றாய். எனக்குப் புல்லரித்துவிட்டது. திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டு வந்த பிறகு, சார்ஜரை ஹாஸ்டலில் விட்டுவிட்டேன், இரு வாரேன் என்று ஓடினாய். நான் பொரி வாங்கித் தின்றுகொண்டு இரண்டு சேலம் பஸ்ஸை விட்டேன். சார்ஜரோடு வந்தாய்.

உன் ஐடி கார்டு அந்தக் கவரில் இருக்கிறது. ஓரமெல்லாம் மஞ்சள் கறை, காய்ந்த சாம்பார். கழுவியிருக்கிறாய், போகவில்லை.

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் மட்டும்தான். வேறு இரண்டு பேரோடு உன் பெயரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாய். அந்த நாட்களில்தான் நீ இஞ்சி பார்க்கிறேன், பாட்டில் பார்க்கிறேன் என்று அடிக்கடி வெளியே போனாய். என் அப்பா என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போவார். உன் அப்பா மட்டும் மாதம் தவறாமல் இந்த ஷெட்டுக்கு அரிசி அனுப்பிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு அப்பா யாருக்கடா கிடைப்பார் என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு பாட்டிலைத் துடைப்பாய். அடக்கம் என்று நினைத்தேன்.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். படிக்க ஆசைப்பட்டாய், சொல்லப் பயந்தாய், சரி. என்னால் விட முடியாதது முப்பத்தோராவது பேட்ச்.

நம் உறையை உருவாக்க என்ன பாடு பட்டோம். தயிருக்கு உறை மாதிரி, இதற்கும் உயிருள்ள ஒன்று வேண்டும். இஞ்சியும் சர்க்கரையும் தண்ணீரும் போட்டுத் தினமும் கிளறி, தானாகப் பொங்க வைக்க வேண்டும். பதினொரு தடவை அழுகிப் போனது. பன்னிரண்டாவது தடவை, கொல்லிமலைச் சந்தையில் வாங்கிய நாட்டு இஞ்சியில் நுரை எழுந்தது. "மூச்சு விடுதுடா" என்று என்னை இழுத்துக்கொண்டு போய் ஜாடியில் காதை வைக்கச் சொன்னாய். எட்டு மாதம் முறை வைத்து வளர்த்தோம். தெருக்காரர் ஒருவர் பலகையைப் பார்த்து உள்ளே வந்து, ரகசியமாக ஒரு பாட்டில் வாங்கிப் போய், மறுநாள் வந்து "மண்டைக்கு ஏறவே இல்லீங் தம்பி, ஆனா இன்னொன்னு குடுங்க" என்றாரே, அது அந்த உறையின் ருசி.

ஒவ்வொரு பேட்சிலும் இருபத்து நாலு பாட்டில்தான். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்றை மாற்றிப் பார்ப்போம். முப்பத்தொன்றில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கொல்லிமலை அன்னாசி. பாட்டிலை மூடிய பிறகும் உள்ளே பொங்கிக்கொண்டே இருக்கும், அதனால் காலையும் மாலையும் மூடியைத் தளர்த்திக் கேஸ் விட வேண்டும், சேலத்து ஏப்ரலில் ஒரு வேளை தவறினாலும் போச்சு. விட்டதும் நோட்டில் மணி போட்டு எழுத வேண்டும். "நோட்ல இல்லாதது நடக்கல" என்பது நீ போட்ட சட்டம். நாக்கு மறக்கும், நோட்டு மறக்காது என்பாய். நானும் உன் வாயைவிட உன் நோட்டைத்தான் நம்பினேன்.

அன்றைக்குக் காலையில் நான் ஷெட்டுக்கு வராமல், வீட்டில் வைத்திருந்த பழைய பேட்ச் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே பக்கத்துத் தெருவில் காபிக் கடை வைத்திருப்பவரிடம் ருசி காட்டப் போயிருந்தேன். பிடித்துவிட்டால் கடையில் வைப்பதாகச் சொல்லியிருந்தார். கேஸ் விட்டுவிட்டு மூடி வாங்க ஈரோடு போகிறேன் என்று நீ சொல்லியிருந்தாய். பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தால் எதிர்வீட்டு அம்மா தெருவில் நிற்கிறார். "தம்பி, உள்ள பட்டாசு மாதிரி வெடிக்குது, யாராச்சும் இருக்கறாங்களா?"

பத்தொன்பது பாட்டில். கண்ணாடி சுவரில் குத்தி நின்றது. கூரையிலிருந்து அன்னாசி சொட்டியது. நான் முதலில் பார்த்தது நோட்டை. முப்பத்தொன்று, காலை ஏழு மணி, கேஸ் விட்டாச்சு. உன் கையெழுத்து.

ஏழு மணிக்கு விட்டது மத்தியானத்துக்குள் வெடிக்காது. வெடித்தால் உறையில் வேறு ஏதோ கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். வேறு கணக்கே வராது. முந்தின நாள் ஜாடியைக் கிளறியது நான். கரண்டியை வெந்நீரில் போட்டேனா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. மத்தியானம் முழுக்கக் கண்ணாடி பொறுக்கிக்கொண்டே என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நீ மூடிகளோடு வந்தாய். பரீட்சை எழுதிவிட்டு, உண்மையிலேயே ஈரோடு போய், மூடியும் வாங்கி வந்திருக்கிறாய். பொய்யிலும் சொன்ன வேலையை முடிக்கிற ஆள் நீ.

"காத்தால கேஸ் விட்டியாடா?"

"நோட்ல இருக்குதில்ல."

ஆமாம் என்று நீ சொல்லவில்லை. நேற்று ராத்திரிதான் அது எனக்கு உறைத்தது.

"அப்ப உறை கெட்டுப்போச்சுடா. என் கரண்டிதான். நாந்தான் கெடுத்துட்டேன்."

நீ பைக்குள் மூடிகளை எண்ணுவது போலக் குனிந்திருந்தாய். "ஒரு நாள் பாக்கலாமே."

"என்னத்தப் பாக்கறது? இனிப் போடற பேட்சுக்கெல்லாம் ஏறிரும். கொட்டிரலாம்."

"செரி, கொட்டிரு" என்றாய்.

ஜாடி கனம். அடியை நீ பிடித்தாய், கழுத்தை நான் பிடித்தேன். எட்டு மாதம் வளர்த்ததை வாசல் சாக்கடையில் ஊற்றினோம். போகும்போதும் நுரைத்துக்கொண்டே போனது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ என் தோளில் தட்டி, "உடுடா, யாருக்கும் நடக்கறதுதான்" என்றாய்.

என்னை மன்னித்தாய். அதுதான்டா. நீ செய்ததற்கு நீயே என்னை மன்னித்தாய்.

நேற்று ஹால் டிக்கெட்டையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே தேதி, முற்பகல் தேர்வு. முந்தின ராத்திரி நீ வெண்ணந்தூரில் படித்துக்கொண்டிருந்தாய், விடிந்ததும் அப்பாவின் வண்டியில் திருச்செங்கோடு. ஃபேர்லேண்ட்ஸ் பக்கமே நீ வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் கிளம்பும்போதே மறுநாள் காலை ஏழு மணியை எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். உறைக்கு ஒன்றும் ஆகவில்லை. முந்தின சாயங்காலத்திலிருந்து கேஸ் அடைந்து கிடந்த பாட்டில் வெடித்தது, அவ்வளவுதான். என்னைக் காலையில் வந்து விடச் சொல்லியிருந்தால் வந்திருப்பேன். ஏன் என்று நான் கேட்பேன் என்று பயம்.

அதன் பிறகு ஆறு உறை வளர்த்துவிட்டேன். எல்லாம் பொங்குகிறது, எதிலும் அந்த ருசி இல்லை. காபிக் கடைக்காரர் இன்றும் சொல்கிறார்: "மொதல்ல கொண்டு வந்தீங்களே, அது வேறங்க தம்பி. அதக் குடுங்க, வெக்கறேன்." ஒரு வருஷமாக என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். கரண்டியை மூன்று தடவை கொதிக்க வைக்கிறேன்.

உனக்கு நேரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜூலையில் ரிசல்ட். காய்ச்சலில் படுத்தது அக்டோபரில். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாய், ஆறு நாள் நான் பக்கத்தில் இருந்தேன். எந்த மூடி கசிகிறது, எந்த ஜாடியை வெயில் படாமல் நகர்த்த வேண்டும் என்று எல்லாம் சொன்னாய். ஐந்தாவது நாளோ என்னவோ, "நீ தனியா ஓட்டிருவியாடா?" என்று கேட்டாய். "ஏன், நீ எங்க போற?" என்றேன். "சும்மா கேட்டேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். சாவுக்குப் பயப்படுகிறாய் என்று நினைத்து அன்று பாத்ரூமில் போய் அழுதேன். இப்போது அதுவும் நிச்சயமில்லை. வேலைக்குப் போகிற யோசனையாகவும் இருந்திருக்கலாம். நம் கடைசிப் பேச்சைக்கூட நான் இனிச் சந்தேகத்தோடுதான் நினைக்க வேண்டும். அந்த அளவுக்குச் செய்துவிட்டுப் போயிருக்கிறாய்.

உன் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ராத்திரி முடிவு செய்தேன். நான் அனுப்பலைங்ப்பா, எனக்குத் தெரியவே தெரியாதுங்ப்பா. இரண்டே வரி. காலையில் பல் தேய்க்கும்போது சொல்லிக்கூடப் பார்த்தேன். சொன்னால் அவருக்கு என்ன மிஞ்சும்? மகன் எல்லாரிடமும் பொய் சொன்னவன் என்பது மிஞ்சும். சொல்லாவிட்டால், நண்பனைத் துரத்தித் துரத்திப் படிக்க வைத்த தங்கமான பையனாக நான் அந்த ஆபீஸ் ஜன்னல் முன்னால் நிற்க வேண்டும். பதினான்கு அரியரோடு ஓடிப்போனவன் என்று அங்கே இருக்கிற பியூனுக்குக்கூட என் முகம் தெரியும். நீ கட்டி வைத்த வேஷத்தை நான் போட வேண்டும், அதுவும் அந்த இடத்தில்.

கேட்டில் யாரோ தட்டுகிறார்கள். மணி பத்துகூட ஆகவில்லை.

அவர்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கக்கத்தில் ஒரு பிவிசி பைப்புத் துண்டு, இரண்டு பக்கமும் மூடி போட்டது. தோட்டத்தில் அறுத்துக் கொண்டு வந்திருக்கிறார்.

"டிகிரியச் சுருட்டி இதுல போட்டுக்கலாம் சாமி. பஸ்சுல கசங்காது பாரு. சீக்கிரம் வந்துட்டனா? ஊட்டுல இருக்க முடியில."

"இல்லீங்ப்பா. சட்ட மாத்திட்டு வந்தர்றேன், ரெண்டு நிமிசம்."

அவர் பைப்புக்குள் ஊதித் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார். உன் மேல் இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது, ஒரு துளி குறையவில்லை. ஆனால் அவர் கேட்டால், ஆமாங்ப்பா, நாந்தான் தொரத்தி உட்டேன் என்றுதான் சொல்லப் போகிறேன். இன்றைக்கு மட்டும் இல்லை, அவர் இருக்கிறவரை. நீ எனக்கு விட்டுப் போனது அதுதான். உனக்காகச் சொல்லவில்லை, அதைத் தெரிந்துகொள்.

கூப்பிடுகிறார். போகணும்.