மையவுரைக்கு உன்னை அழைத்த காரணம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே என்ற அடுத்த வரி எனக்குத் தானாக வரும், இன்று வரவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன், உன் குரலைக் கேட்டதும் அங்கே குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால் சங்கத்து அறையில் உட்கார்ந்து, கீழே ஜெராக்ஸ் கடை இரைச்சலுக்கு நடுவில் எழுதுகிறேன். முடித்ததும் படமெடுத்து அனுப்புவேன்.

எங்கள் வட்டாரப் பின்காலனிய இலக்கிய, மொழி ஆய்வுச் சங்கத்தின் மாநாட்டில் மையவுரை தர உன்னை அழைத்திருந்தோம். நீ மறுத்து எழுதிய பதிலை, தலைவர் என்ற முறையில் நானே செயற்குழுவில் வாசித்தேன். வெளிநாட்டில் இருப்பவளைக் கூப்பிட்டுப் பேச வைக்க ஒரு சங்கம் எதற்கு, உள்ளூரிலேயே இருந்து எழுதுகிறவர்களை மேடையேற்றுங்கள், தலைவர் காலமெல்லாம் சொல்லி வருவதும் இதுதானே என்று கேட்டிருந்தாய். அப்பன் புத்தி அப்படியே இருக்கு சார் என்றார் சங்கப் பொருளாளர். எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை, என் வாய்க்கு இது வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் உன்னை அழைக்கச் சொல்லி அவர்களிடம் மன்றாடியதே நான்தான். சொந்த மகளையா என்று செயலாளர் முகம் சுளித்தார், வெளிநாட்டுப் பேராசிரியர் வந்தால்தான் கூட்டம் சேரும், இல்லையென்றால் நம் கட்டுரையை நாமே கேட்டுவிட்டு டீ குடித்துக் கலைய வேண்டியதுதான் என்று வாய்கூசாமல் சொன்னேன். அந்நிய மோகத்தைத் திட்டி இதே அறையில் எத்தனை கட்டுரை வாசித்திருக்கிறேன், அதெல்லாம் அன்றைக்கு எங்கே போனதோ.

விஷயம் இதுதான் கண்ணு. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. கண்டுபிடித்தபோதே முற்றிவிட்டது, இனி அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்றுவிட்டார்கள். உனக்குச் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இந்த வருஷம்தான் அவ வேலை நிரந்தரமாகுது, கேள்விப்பட்டா போட்டது போட்டபடி ஓடி வந்துடுவா என்றாள். சத்தியத்தையும் காப்பாற்றி உன்னையும் வரவழைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி சங்கம்தான். மாநாட்டுக்கு என்று வந்தால் விடுப்பும் கிடைக்கும், அம்மாவும் சந்தேகப்பட மாட்டாள் என்று கணக்குப் போட்டேன். நீ மறுத்துவிட்டாய். நேற்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வர வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க என்றார். இனி சத்தியமாவது ஒன்றாவது, எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது, கிளம்பி வா.

உன் இடத்தில் பேச இங்குள்ள பள்ளி ஆசிரியை ஒருவரை முடிவு செய்துவிட்டார்கள். நல்ல ஆய்வாளர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அம்மாவிடம் நீ ஒப்புக்கொண்டதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து அவள் செய்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான் வெளியே போனதும் நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்து நிற்கப் பழகுகிறாள், சுவரைத் தொடாமல் கதவு வரை நடந்து பார்க்கிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தெருவிலேயே நின்று அழுதேன். உனக்கு ஒன்றும் தெரியக்கூடாதாம்.

அதனால் உனக்குத் தெரியாது என்றே இருக்கட்டும். கையில் நாலு தாள் எடுத்து வா, வெறும் தாளாக இருந்தாலும் சரி, கேட்டால் மையவுரை என்று சொல். அழுவதாக இருந்தால் விமானத்திலேயே அழுதுவிடு. மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல், அவர் புரிந்துகொள்வார். நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ வந்து இறங்கியதும் அம்மா தானாக எழுந்து கதவு வரைக்கும் வருவாள். ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்துவிடாதே.

உன் வரவை எதிர்பார்த்து,
அப்பா